கப்பல் கிளம்பும் முன் படிக்க வேண்டிய காகிதம்

தூத்துக்குடியில் துவரையோ தடி மரமோ வந்து இறங்கி, கன்டெய்னர் பெட்டி யார்டிலேயே நின்றுவிட்டால் எல்லோருடைய சந்தேகமும் முதலில் சரக்கின்மேல்தான் போகும். வண்டு இருக்குமோ, ஈரம் பிடித்திருக்குமோ என்று கேட்பார்கள். பல நேரம் சரக்கில் ஒன்றும் இருக்காது. அனுப்பிய நாட்டின் அதிகாரி எழுதிய தாவரச் சுகாதாரச் சான்றில், அதாவது ஃபைட்டோவில், ஒரு வரி விடுபட்டிருக்கும். கப்பல் வந்த பிறகு அந்த வரியைச் சேர்க்க முடியாது என்றில்லை. ஆனால் மாற்றுச் சான்று வாங்கி வருவதற்குள் டெமரேஜும் டிடென்ஷனும் (சரக்கும் பெட்டியும் தாமதமாவதற்கான கட்டணங்கள்) லாபத்தைத் தின்றுவிடும். கண்ணால் பார்க்காத சரக்குக்கு அந்த நாட்டு அதிகாரி இப்போது எப்படிச் சான்று தந்தார் என்ற கேள்வியும் எழும். அது நியாயமான கேள்விதான்.

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை 1914ஆம் ஆண்டின் அழிவுப் பூச்சிகள் சட்டமும், அதன்கீழ் வந்த 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையும். விலை பேசும் முன்பே ஆணையின் அட்டவணைகளைத் திறந்து பார்க்க வேண்டும். 7ஆம் அட்டவணையில் இருக்கும் பொருளுக்கு ஃபைட்டோவும் இங்கே நடக்கும் ஆய்வும் போதும். 6ஆம் அட்டவணை என்றால் இறக்குமதி அனுமதி வேண்டும், சான்றில் கூடுதல் உறுதிமொழியும், அதாவது குறிப்பிட்ட பூச்சிகள் இல்லை என்ற வாசகமும் வேண்டும். 5ஆம் அட்டவணைப் பொருளை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே வரவழைக்கலாம். 4ஆம் அட்டவணை தடைப்பட்டியல். எதிலுமே இல்லாத பொருளுக்குப் பூச்சி அபாய ஆய்வு முடிய வேண்டும். அது ஒரு பருவத்துக்குள் முடியும் என்று நம்பி யாரும் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

பொருளின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவது பெரிய தவறு. தாவரம், அதன் வடிவம், பயன்பாடு, விளைந்த நாடு ஆகிய எல்லாம் ஒரே வரிசையில் பொருந்த வேண்டும். ஒரு நாட்டுப் பருப்புக்கு இருக்கும் வசதி அடுத்த நாட்டுப் பருப்புக்கு இருக்காது. உளுந்தும் பாசிப்பயறும் கடைக்காரருக்கு வேறு வேறு பொருள்தான். ஏற்றுமதியாளரின் குமாஸ்தாவுக்கு இரண்டும் 'விக்னா'. விக்னா முங்கோ என்று எழுத வேண்டிய இடத்தில் விக்னா ரேடியேட்டா என்று விழுந்தால் சான்று வேறு சரக்குக்கு உரியதாகிவிடும். சமையலுக்கு வரும் மல்லிக்கும் 'விதை' என்ற சொல் பெயரோடு ஒட்டியே வரும். பயன்பாடு 'நுகர்வுக்கு' என்று தெளிவாக எழுதப்படாவிட்டால் விதைப்புக்கான கடும் நிபந்தனைகளைப் பற்றிய கேள்வி கிளம்பும். விண்ணப்பமே இரண்டு விதம்: நுகர்வுக்கு பி.க்யூ. 01, விதைப்புக்கு பி.க்யூ. 02.

அனுமதியை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. கடலில் போய்க்கொண்டிருக்கும் சரக்கை ஹை சீ சேலில் கைமாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அனுமதி விற்றவர் பெயரில் இருக்கும், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் பத்திரம்) வாங்கியவர் பெயரில் இருக்கும். சரக்கு இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சான்றின் உயிர் கூடுதல் உறுதிமொழியில்தான் இருக்கிறது. 'தொற்றுத் தடுப்புக்குரிய பூச்சிகள் இல்லை' என்ற பொது வாசகம் படிவத்திலேயே அச்சிட்டு வரும். அது போதாது. அட்டவணை எந்தப் பூச்சியை, எந்தப் புழுவை, எந்தக் களைவிதையைச் சொல்கிறதோ, அதன் அறிவியல் பெயரோடு 'இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அட்டவணைகள் அரசிதழ் வழியே திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். போன வருஷச் சான்றைப் பார்த்து எழுதுபவர் பழைய வாசகத்தையே எழுதுவார். அதனால் உரிய வரிசையை அப்படியே எடுத்து ஏற்றுமதியாளருக்கு அனுப்பி, கையெழுத்தாகும் முன் வரைவைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய நஷ்டத்தைத் தடுக்கும் செயல் இதுதான்.

அதற்கடுத்த சிக்கல் சிகிச்சைக் கட்டம். பல பருப்பு வகைகளுக்கு மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பூச்சி கொல்லும் புகையூட்டம் கேட்கப்படும்: கன மீட்டருக்கு 32 கிராம், 24 மணி நேரம், 21 டிகிரி செல்சியஸ். தடி மரத்துக்கு 48 கிராம். வேதிப்பொருள், அளவு, நேரம், வெப்பநிலை, தேதி ஐந்தும் ஃபைட்டோவின் சிகிச்சைக் கட்டத்திலேயே பதிவாக வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, புகையூட்டிய தனியார் கம்பெனியின் சான்றைத் தனியாகப் பின் அடித்து அனுப்பினால் அது ஈடாகாது.

வெப்பநிலையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மெத்தில் புரோமைடின் கொதிநிலை சுமார் 4 டிகிரிதான். குளிரில் அது சரியாக ஆவியாகிப் பரவாது. குளிர்ந்த பூச்சி மெதுவாக மூச்சுவிடும், நஞ்சையும் குறைவாகவே உள்ளிழுக்கும். ஆகவே கனடாவின் குளிர்காலத்தில் ஏற்றிய சரக்கின் சான்றில் '21 டிகிரி' என்று இருந்தால் எங்கே, எப்படிச் சூடாக்கினார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். மூட்டைக்குமேல் பிளாஸ்டிக் உறை சுற்றியபின் புகையூட்டினாலும் வாயு உள்ளே போகாது. காகிதம் சுத்தமாக இருக்கும், வண்டு உயிரோடு வந்து இறங்கும்.

மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள். மாண்ட்ரீல் உடன்படிக்கை தொற்றுத் தடுப்புப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்திருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதையும் நிறுத்திவிட்டது. அங்கிருந்து சரக்கு எடுப்பவர்கள் சூடேற்றல் போன்ற மாற்று வழி ஏற்கப்படுமா என்று முன்பே கேட்டறிய வேண்டும். இங்கே இறங்கியபின் புகையூட்டிக்கொள்ளலாம் என்பது அரசு தரும் தளர்வு. அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. உரிமை என்று நினைத்து அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பிறகு தேதிகள். ஆய்வும் சிகிச்சையும் முடிந்து, சான்று எழுதி, சரக்கு கப்பலேற வேண்டும். பி.எல். (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம்) தேதிக்குப் பிந்திய ஆய்வுத் தேதி சான்றில் இருந்தால் ஆய்வே நடக்கவில்லை என்றுதான் பொருள்படும். பெட்டி எண், மூட்டை எண்ணிக்கை, எடை மூன்றும் பி.எல்.லோடு ஒத்துப்போக வேண்டும். வழியில் இன்னொரு நாட்டில் இறக்கி, பிரித்து, மறுபடி கட்டியிருந்தால் மறு ஏற்றுமதிச் சான்றும் மூலச் சான்றின் நகலும் சேர்ந்து வர வேண்டும்.

சரக்குக்கு அடியில் இருக்கும் மரப் பலகையையும் பாருங்கள். இயந்திரத்தை இறக்குமதி செய்தாலும் அதன் மரப் பலகைக்கு விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அல்லது புகையூட்டியிருக்க வேண்டும். கோதுமைக்கதிர் முத்திரை, நாட்டுக் குறி, சிகிச்சைக் குறி பலகையில் தெரிய வேண்டும். உடைந்த பலகைக்குப் பதில் கிடங்கில் கிடந்த ஒன்றை யாரோ ஆணியடித்துச் சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு பலகையால் பெட்டியே நிற்கும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை.

விலங்குப் பொருள்களுக்கு வழி வேறு. 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டப்படி, சுகாதார இறக்குமதி அனுமதி தேவைப்படும் பொருளுக்கு அது சரக்கு ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். அந்த அனுமதியோடு வரும் நிபந்தனைகளை அனுப்பும் நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் வரிக்கு வரி சான்றளிக்க வேண்டும். நாடு முழுக்க நோயற்றதா, ஒரு மண்டலம் மட்டும் நோயற்றதா என்பதில்தான் வாசகம் மாறும். எந்தத் துறைமுகத்திலும் இறக்கிவிடவும் முடியாது. சென்னையில் விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று வேறு துறைமுகத்தில் இறக்கினால் காகிதம் சரியாக இருந்தும் சரக்கு நகராது. வனாமி என்ற பண்ணை இறால் வகையின் தாய் இறால்களுக்கு இன்னும் குறுகிய வாசல்: நீலாங்கரையில் உள்ள நீர்வாழ் உயிரினத் தொற்றுத் தடுப்பு மையம்.

உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விடுவிப்பும் உண்டு. அந்த நேரத்தில் ஆயுள்காலத்தில் 60 சதவீதமோ, காலாவதிக்கு 3 மாதமோ, எது குறைவோ அது மீதமிருக்க வேண்டும். 120 நாள் ஆயுளுள்ள சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதம் என்றால் 72 நாள், 3 மாதத்தைவிட அது குறைவு, ஆகவே 72 நாள் மீதமிருக்க வேண்டும். தயாரித்த நாளிலிருந்து கையில் இருப்பது 48 நாள். கடல் பயணம், மாதிரி எடுப்பு, ஆய்வகம், திருத்தச் சான்றுக்கான காத்திருப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அனுமதியும் சான்றின் வரைவும் கைக்கு வராமல் உற்பத்தித் தேதியைக் குறிக்கச் சொல்லாதீர்கள்.