ஒரு ஆட்டத்தையாவது பாளையங்கோட்டைக்குத் தாங்க

ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் இந்தத் தடவை 2026 பிப்ரவரி 14-ல்தான் தொடங்கியது. 14 அணி, ஆளுக்கு 13 ஆட்டம். அதில் சென்னையின் எஃப்.சி.க்குச் சொந்த ஊரில் கிடைப்பது ஆறேழுதான். அதில் ஒன்றைப் பாளையங்கோட்டையில் வைத்தால் என்ன என்று நெல்லை மாவட்டக் கடற்கரை ஊரான உவரியிலிருந்து கேட்கிறேன்.

இரண்டு வருஷம் முந்தி நானும் மச்சானும் சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். மச்சான் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். கேலரிக் கம்பியைப் பிடித்தவர் கடைசி வரை உட்காரவே இல்லை. வாங்கிக் கொடுத்த டீ கையிலேயே ஆடை கட்டி ஆறிப்போனது. "என்னல, டிவியில பாத்தா பந்து இவ்வளவு வேகமாவா தெரியுது?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். ராத்திரி ஏழரைக்குத் தொடங்கிய ஆட்டம். அது முடியும்போது நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டுப் பக்கம் போயிருக்கும். கிளாம்பாக்கம் வந்து பஸ் பிடித்து, மறுநாள் மத்தியானம் வீடு சேர்ந்தோம். மச்சானுக்கு இரண்டு நாள் தொழில் போச்சு. திரும்ப ஒரு தடவை கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் கடற்கரையில் பந்து புதிதல்ல. சாயங்காலம் மணலில் இரண்டு துடுப்பை நட்டால் அதுதான் கோல். உப்புத் தண்ணீரில் ஊறித் தோல் உரிந்த பந்தைத்தான் பையன்கள் உதைக்கிறார்கள். 2019-ல் இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறைக்காரர்.

சென்னை அணி வெளியூரில் ஆடினால் கூட்டம் வருமா என்று கேட்பவர்கள் சென்னை சிட்டி எஃப்.சி.யை நினைத்துப் பார்க்கட்டும். பெயர்தான் சென்னை, சொந்த ஆட்டமெல்லாம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய லீக் கோப்பையை அந்த மண்ணில்தான் வென்றார்கள். 2017-ல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கான வேலை நடந்தபோது, அந்த ஊர் அணிகளான மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டமே சிலிகுரிக்குப் போனது. அது ஒன்றும் பக்கத்து ஊர் இல்லை.

நெல்லையில் எங்கே? சங்கர் நகர் மைதானத்தில் 2016-லிருந்து டி.என்.பி.எல். கிரிக்கெட் நடக்கிறது, விளக்கும் இருக்கிறது. ஆனால் நடுவில் கிரிக்கெட் பிட்ச் கிடக்கும் தரையில் கால்பந்து வேண்டாம், சறுக்கி விழுந்தால் முட்டு போய்விடும். என் ஓட்டு பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்குத்தான். புல்லுக்கும் உடை மாற்றும் அறைக்கும் வேலை பார்க்க வேண்டியிருக்கும், பார்க்கட்டும். ராத்திரி ஆட்டம்தான் வேண்டும் என்றில்லை. மார்ச் மாதம் நாலரைக்குத் தொடங்கினால் வெளிச்சம் மங்குவதற்குள் முடிந்துவிடும். வெயில் இருக்கும்தான், நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்திக்கொள்ளலாம். தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் ஆட்களெல்லாம் பஸ்ஸில் வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

சென்னை ரசிகர்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லவில்லை. மழையோ தோல்வியோ, வருஷக்கணக்காக அந்த கேலரியில் நின்றவர்கள் அவர்கள். ஒன்றே ஒன்று போதும்.

அப்புறம் ஒரு விஷயம். ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஞாயிறு எங்கள் பக்கம் யாரும் கடலுக்குப் போகமாட்டோம். காலைப் பூசை முடிந்ததும் வேன் பேசிவிடலாம். மச்சானை நானே கூட்டி வருகிறேன்.