முதலில் புறுபுறுப்பு, பிறகு ஸ்தோத்திரம்

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை ரோசாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற உறவினர் எல்லாருக்கும் ஒருவராவது இருப்பார். நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், சரி. ஆனால் தலைக்குமேல் பிரச்சினை இருக்கிற காலையில் அது வந்து விழுந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பவுல் அதை எழுதியது உபத்திரவப்பட்டுக்கொண்டிருந்த தெசலோனிக்கேயா சபைக்கு, அங்கே யாரும் சொகுசாக இருக்கவில்லை. இது எனக்கு விளங்கியது யாழ்ப்பாணத்தில், உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில். எங்கள் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டவுடன் நினைவுக்கு வந்ததும் அந்த விடுதியின் மாலை ஜெபம்தான்.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் மின்சாரம் போய்விட்டது, யாழ்ப்பாணத்தை வெளியோடு இணைத்த ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது, சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி எல்லாம் அரசின் தடைப்பட்டியலில். என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் இந்த மலரைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கைச் சுற்றி நாலைந்து பேர் தலையை முட்டிக்கொண்டு படித்தோம், பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம், சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். கொழும்பில் இருந்த அப்பாவின் கடிதம் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் வந்து சேரும்போது அவர் அதில் விசாரித்திருந்த காய்ச்சலை நானே மறந்திருப்பேன். குண்டுவீச்சுப் பயம் ஒருபக்கம், அது வேறு. நாள்முழுக்க ஆளைத் தின்றது இந்தச் சின்னச் சின்ன இழுபறிகள்தான்.

விடுதிக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சர் மாலை ஜெபத்தில் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் யார் வேண்டுமானாலும் புறுபுறுக்கலாம். ஆண்டவருக்கு முன்னால், சத்தமாக, தடையில்லாமல். அவர் அதற்குக் காட்டிய ஆதாரம் 13ஆம் சங்கீதம். மொத்தமே ஆறு வசனம், அதில் முதல் இரண்டு வசனத்துக்குள் நாலுதரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் சங்கீதக்காரன். தாவீது கேட்கலாம் என்றால் நீங்களும் கேட்கலாம் என்பார். அதற்குப் பிறகுதான் நன்றி. அதிலும் "சுகத்துக்காக, பெலத்துக்காக" என்று மொத்தமாக அள்ளி விடக்கூடாது, அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும், இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது. ஒருநாள் கடைசியில் இருந்த ஒருத்தி, முன்னால் இருந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டதால், "இண்டைக்குப் புட்டுக்குள்ள கல் இருக்கேல்லை, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். விடுதி முழுக்கச் சிரிப்பு. ரீச்சர் சிரிக்காமல் "ஆமென்" என்றார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

இன்னொருநாள் ஒரு பெரிய வகுப்பு அக்கா, எங்களைவிடக் கஷ்டப்படுகிற சனங்களைப் போல எங்களை விடாததற்கு நன்றி என்று ஜெபித்தார். எங்களுக்கு அது அழகான ஜெபமாகத்தான் பட்டது. ரீச்சர் அங்கேயே ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் அந்த அக்காவையே லூக்கா 18ஐ வாசிக்க வைத்தார். மற்ற மனுஷரைப்போல நான் இல்லையே என்று ஸ்தோத்திரம் சொல்கிற பரிசேயனின் இடம் வந்ததும் அக்கா தானாகவே நிறுத்திவிட்டார். அடுத்தவரின் கஷ்டத்தை அளவுகோலாக வைத்து நன்றி சொல்லாதேயுங்கோ, உங்களுக்குக் கிடைத்ததைப் பார்த்துச் சொல்லுங்கோ என்றார் ரீச்சர். இன்றைக்கும் தேவாலயங்களில் இந்தப் பரிசேய நன்றியை அடிக்கடி கேட்கிறேன், மேடையில் நின்றே சொல்கிறார்கள்.

சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். அண்ணன் எங்கே என்று தெரியாமல் இருந்த ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். "நீர் ஒண்டும் சொல்லவேண்டாம், எங்களோட இரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரீச்சர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கிய பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு நிறுவுநர் நாளிலும் பெருமையாகக் கேட்டு வளர்ந்தோம். எனக்கு அந்தப் பெருமையைவிட, ரீச்சரின் வற்புறுத்தாத இந்த ஒரு வார்த்தைதான் அதிகம் நினைவில் நிற்கிறது.

1995 ஐப்பசி 30 வந்தது. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே ஒரே இரவில் எழும்பி மழைக்குள் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்த கதையை இந்த மலரில் பலர் எழுதியிருப்பார்கள், நான் நீட்டவில்லை. சாவகச்சேரிப் பக்கம் நாங்கள் ஒதுங்கிய கட்டடத்தில், நம்பமாட்டீர்கள், அதே ரீச்சரும் தன் தாயோடு வந்து சேர்ந்தார். அன்றிரவு சிலர் ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டார்கள். உயிரோடு இருக்கிறோமே, அதற்காவது நன்றி சொல்லுங்கோ ரீச்சர் என்று ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தார். ரீச்சர் 13ஆம் சங்கீதத்தை எடுத்தார். "எதுவரைக்கும்" எல்லாவற்றையும் வாசித்தார். இரண்டாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டு "இண்டைக்கு இவ்வளவும் போதும்" என்றார். "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால்" என்று வருகிற ஆறாம் வசனத்தை அவர் வாசித்தது பல நாள் கழித்து, யாரோ ஒருவர் இருந்த அரிசியில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிய ஒரு மத்தியானம்.

கனடாவுக்கு வந்த பிறகு என் சோதனைகள் சின்னனாகிவிட்டன, ஆனால் எரிச்சல் சின்னனாகவில்லை. 2024 ஆடி 16 அன்று ரொறன்ரோவில் 100 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை கொட்டியதே, டொன் வலி பார்க்வேயில் கார்கள் மிதந்தனவே, அன்று எங்கள் பேஸ்மென்ட்டுக்குள்ளும் தண்ணீர். தண்ணீர் ஒருநாளில் வடிந்துவிட்டது, காப்புறுதிக்காரரோடு தொலைபேசியில் இழுபட்டது மாதக்கணக்கில். ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலில் இருந்து முழுக்கதை. இடையில் காத்திருக்க வைத்துப் போடுகிற அந்தப் பாட்டு வேறு. இரவில் ஜெபிக்க முழங்கால் போட்டால் வாயில் வருவது அந்தப் பாட்டுத்தான். ஆகவே அதையே சொன்னேன்: ஆண்டவரே, எதுவரைக்கும் இந்தப் பாட்டு? அப்படிக் கேட்ட பிறகுதான், அன்று பேசிய பிள்ளை தன் பெயரைச் சொல்லி, சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கோல் எடுத்தது என்று நினைவு வந்தது. அதற்கு நன்றி சொன்னேன். காப்புறுதிப் பணம் அதனால் ஒரு சதம் கூடவில்லை, கோபமும் அடுத்த நாள் திரும்பி வந்தது. ஆனால் அன்றிரவு நித்திரை கொண்டேன்.

எங்கள் வகுப்புக்காரர் சிலர், மெல்பேர்ன், லண்டன், ரொறன்ரோ என்று சிதறிக் கிடப்பவர்கள், ஞாயிறுகளில் தொலைபேசியில் கூடி இந்த முறையிலேயே ஜெபிக்கிறோம். நேரவித்தியாசத்தால் ஒருத்திக்கு எப்போதும் விடியற்காலை, அவளுடைய முதல் புறுபுறுப்பு அதுவாகத்தான் இருக்கும். மற்ற வருடத்துப் பிள்ளைகளும் சேரலாம். நன்றி தயாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புறுபுறுக்க இருந்தால் வாருங்கள்.