இரண்டணா ஜார்ஜ்: பெரிய டை, சின்ன டை பிரித்துப் பார்த்தது

கிருஷ்ணகிரியில் கிடைத்த பழைய கடிதக் கட்டு ஒன்றிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலைகளை டை (படம் செதுக்கிய மூல அச்சு) வாரியாகப் பிரிக்கும் வேலை பாதி முடிந்திருக்கிறது. முதலில் எடுத்துக்கொண்டது நாசிக்கில் அச்சான செந்தூர நிற இரண்டணா. தாளில் பல நட்சத்திர வாட்டர்மார்க் (நீர்க்குறி), பெர்ஃபரேஷன் 14, அதாவது ஓரத்தில் 2 செ.மீ.க்கு 14 ஓட்டை. இதற்கு இரண்டு டை உண்டு, படம், எழுத்து, நிறம் எதிலும் மாற்றமில்லை, அளவில்தான் வித்தியாசம். பெரிய டையில் படத்தின் அளவு 19 × 22.6 மி.மீ., பிற்பாடு வந்த சின்ன டையில் 18.4 × 21.8 மி.மீ. ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்த்தால் இது பிடிபடாது. பிடிபட்ட மாதிரி தோன்றினாலும் அதை நம்பிப் பிரிக்கக் கூடாது.

ஊறவைக்கும்போதே கவனம் வேண்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது. அதில் ஊறிய தபால்தலை காய்ந்ததும் மேலே வெளிறிய படிவு நிற்கும், லென்ஸில் மெல்லிய கோடுகள் மங்கிவிடும். ஆர்ஓ தண்ணீர் போதும். பதினைந்து இருபது நிமிடத்தில் தாள் தானாகக் கழன்றுவிடும், இழுக்க வேண்டியதில்லை. பின்பக்கப் பசை சுத்தமாகப் போன பிறகு பிளாட்டிங் தாளில் படம் கீழே இருக்கும்படி வைத்து, ஈரம் போனதும் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி. பசை மிச்சமிருந்தால் தலை சுருளும், சுருண்ட தலை அளவில் சின்னதாகக் காட்டும். வெயிலில் உலர்த்தவே கூடாது.

அளப்பதற்கு நன்றாக வேலை செய்தது சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர். 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஒரு மி.மீ. என்பது ஏறக்குறைய 47 பிக்சல். பெரிய டை 898 × 1068 பிக்சல் அளவில் வரும், சின்னது 869 × 1030. அகலத்தில் மட்டும் 29 பிக்சல் இடைவெளி, சந்தேகத்துக்கே இடமில்லை. தலைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனரின் விளக்கு நகரும் திசையில் அளவு கொஞ்சம் பிசகலாம் என்பதால், தலையை 90 டிகிரி திருப்பி இன்னொரு தடவை. அளப்பது வெளிச்சட்டத்தின் கோட்டிலிருந்து எதிர்க் கோடு வரை. ஓட்டை ஓரத்திலிருந்து அளந்தால், படம் நடுவில் உட்காராத தலை ஒவ்வொன்றும் ஏமாற்றும். செல்போன் படம் இதற்கு ஆகாது, ஓரங்கள் வளைந்துவிடும்.

அகலம், உயரம் இரண்டும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால்தான் முடிவு. சின்ன டையில் இரண்டு பக்கமும் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். தாள் சுருங்கினால் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே அதிகமாகவும் நெடுக்கே குறைவாகவும் சுருங்கும். ஆகவே அகலம் சின்ன டை, உயரம் பெரிய டை என்று வந்தால் அது தாளின் வேலை. அப்படி வந்தவை தனி உறையில் இருக்கின்றன, மறுபடி அழுத்திவைத்து அளக்க வேண்டும்.

அச்சுத் தேய்மானமும் மையும் போடும் வேடத்தை டை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. 1854-ல் கல்கத்தாவில் கல்லச்சில் வந்த சிவப்பு ஓரணா இதற்கு நல்ல பாடம். முதல் டையில் விக்டோரியா ராணியின் கொண்டையில் கோடுகள் குறைவு. இரண்டாவதில் அதிகம், கொண்டை தலையோடு சேரும் இடத்தில் ஒரு வெள்ளை வளைகோடும் உண்டு. மூன்றாவதில் மார்பின் நுனி கூராக இருக்கும். இரண்டாம் டை நன்றாகத் தேய்ந்துவிட்டால் கொண்டை வெளுத்து முதல் டை போலவே தெரியும். அப்போது 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டியது கோடுகளின் எண்ணிக்கையை அல்ல. கூந்தலிலிருந்து கொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிவப்புப் பொட்டை. முதல் டையில் அது எப்போதும் இருக்கும். தேய்ந்தாலும் அழியாத அடையாளம் எது என்று முதலில் கண்டுபிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றரையணா பழுப்பில் சிரமமே இல்லை. 1919-ல் வந்ததில் 'ஒன் அண்ட் ஹாஃப் அணா', 1921-ல் திருத்தியதில் 'ஒன் அண்ட் எ ஹாஃப் அணாஸ்'. முத்திரை அந்த வரியை மறைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்து ஆறாம் ஜார்ஜின் 1½ அணாவும் 3 அணாவும். இவை முதலில் லித்தோவில் (கல்லச்சு வகை, சமதள அச்சு) வந்து, பிறகு டைப்போவுக்கு (மேடெழுத்தை அழுத்தும் அச்சு) மாறியவை. டைப்போவில் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி அடர்ந்த விளிம்பு தெரியும், பின்பக்கத்தில் சாய்வாக டார்ச் அடித்தால் அழுத்தத் தடம் தெரியும். லித்தோ சமதளம், வேலையும் நுணுக்கம். ஷீட் ஓரத்தோடு இருக்கும் தலையில் ஜூபிலி கோடு (ஷீட்டின் ஓர வெற்றிடத்தில் அச்சாகும் கோடு) இருந்தால் டைப்போ. ஊறவைத்து அழுத்தினால் அந்தத் தடம் மழுங்கிவிடும் என்பதால், இந்த இரண்டையும் தண்ணீரில் போடாமல் முதலில் லென்ஸிலும் டார்ச்சிலும் பார்த்துவிட வேண்டும். சேலம் ஜில்லா விலாசத்தோடு முழு உறையாக இருப்பவற்றைக் கழற்றுவதே இல்லை. கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்தில்தான், அதை உள்ளடக்கிய தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். ஊர் முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்த உறை, எந்த அச்சு எப்போது இங்கே புழங்கியது என்பதற்கு உதிரித் தலையைவிட நல்ல சாட்சி.