சொல்லாமல் விட்ட 5 லட்சம்

"நீயே சொல்லும்மா, மாத்தலாமா வேணாமா?"

2021 ஜனவரி. கேட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். 4 லட்சம் எஃப்.டி. அன்றைக்கு முதிர்ந்திருந்தது. கையில் ஒரு சிறு நிதி வங்கியின் (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) நோட்டீஸ்; ரூபாய் நோட்டு மாதிரி நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருந்தார். பழக்கம் போகுமா? எங்கள் அரசு வங்கியைவிட ஒன்றரை சதவீதம் கூடுதல். வருஷத்துக்கு 6,000 ரூபாய்.

"கரூர்ல என்னாச்சுன்னு பாத்தீங்கல்லண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. நோட்டீஸைப் பையில் போட்டுக்கொண்டு, ரெனியூவலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தடை வந்த பத்தே நாளில் லட்சுமி விலாஸ் டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு முழுசாகப் போனது, டெபாசிட்காரர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. அதைச் சொல்லவில்லை. வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரியிலேயே 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாகிவிட்டது, எங்களுக்கும் அவர்களுக்கும் அது ஒன்றேதான் என்பதையும் சொல்லவில்லை.

காப்பீடு இருந்தால் மட்டும் போதுமா? மும்பையில் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் பணம் மாட்டிக்கொண்டவர்கள் அப்போதும் காத்துக்கொண்டுதானே இருந்தார்கள்? காப்பீட்டுப் பணத்தை 90 நாளில் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டத் திருத்தமே 2021 ஆகஸ்டில்தான் வந்தது. வயதானவருக்குப் பணம் பத்திரமாக இருந்தால் ஆயிற்றா, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்ட அன்றே வர வேண்டாமா? நல்ல வாதம்தான். ஆனால் இதை நான் யோசித்துப் பிடித்தது பிற்பாடு.

அன்றைக்கு மனதில் இருந்தது வட்டார அலுவலகத்திலிருந்து காலையில் வந்த போன்: "மெச்சூரிட்டி ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது." போட்டி வந்தால் வாடிக்கையாளருக்கு லாபம் என்று புரமோஷன் பரீட்சைக்குப் படித்து மார்க்கும் வாங்கியவள் நான். வட்டியை ஏற்றும் அதிகாரம் கிளைக்குக் கிடையாது. போட்டி போட எங்களிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

அவர் அதன்பிறகு எந்த நோட்டீஸையும் கொண்டுவரவில்லை. வருவார், கையெழுத்துப் போடுவார், "எல்லாம் நீ பாத்துக்கம்மா" என்பார்.

போன வருஷம் நானும் ஓய்வுபெற்றேன். வந்த பணத்தில் ஒரு பகுதியை அதே சிறு நிதி வங்கியில்தான் போட்டிருக்கிறேன். 4,50,000. வட்டியும் சேர்ந்து 5 லட்சத்தைத் தாண்டிவிடக் கூடாதே.