சார்பு மாறினால் உங்கள் சோதனை ஓடுமா? டெபியன் பேக்கேஜிங் படிப்பவர்களுக்கு

டெபியன் பேக்கேஜிங் படிப்பவர்கள் தங்கள் பேக்கேஜ் நிறுவிய பிறகு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனையை (ஆட்டோபிகேஜிடெஸ்ட்) எழுதச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். எழுதிய சோதனையை எது தூண்டும், அதாவது எந்தச் சார்பு (தங்கள் பேக்கேஜுக்குத் தேவையான வேறு பேக்கேஜ்) மாறினால் அது மறுபடி ஓடும் என்பதைத்தான் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

சோதனைகளை விவரிக்கும் டெபியன்/டெஸ்ட்ஸ்/கன்ட்ரோல் கோப்பின் வடிவம் சுலபம். சோதனைக்கு நிறுவ வேண்டியவற்றைச் சொல்லும் 'டிபென்ட்ஸ்' வரியில் @ என்றால், அந்த சோர்ஸிலிருந்து (மூலநிரல் பேக்கேஜிலிருந்து) உருவாகும் எல்லா பைனரி (நிறுவக்கூடிய) பேக்கேஜ்களும் என்று பொருள். வரியே இல்லாவிட்டாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்படும். சோதனை எஸ்டிடிஎர்ரில் (பிழைச் செய்திகளுக்கான வெளியீட்டில்) ஒரு வரி எழுதினாலும் தோல்விதான். அது வேண்டாமென்றால் 'அலோ-எஸ்டிடிஎர்ர்' கட்டுப்பாட்டைச் சேர்க்க வேண்டும். இந்த அளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

இனி தூண்டுதல். அன்ஸ்டேபிளில் (புதிய பதிப்புகள் முதலில் வரும் டெபியன் கிளை) ஒரு பேக்கேஜின் புதிய பதிப்பு வந்ததும், அதை டெஸ்டிங்குக்கு (அடுத்த வெளியீடு உருவாகும் கிளை) அனுப்புமுன் யார் யாருடைய சோதனைகளை ஓட்டுவது என்று, இந்த நகர்வை நிர்வகிக்கும் நிரலான பிரிட்னி முடிவு செய்கிறது. அந்தப் பேக்கேஜை நேரடியாகச் சார்ந்திருப்பவையும், தங்கள் 'டெஸ்ட்சூட்-ட்ரிகர்ஸ்' புலத்தில் அதன் பெயரை வைத்திருப்பவையும் அந்தப் பட்டியலில் வரும். இந்தப் புலத்தை நாம் கையால் எழுதுவதில்லை. சோதனைகளின் டிபென்ட்ஸ் வரிகளை எல்லாம் திரட்டி, சொந்த பைனரிகளை நீக்கிவிட்டு, சோர்ஸ் பேக்கேஜைக் கட்டும் கருவியான டிபிகேஜி-சோர்ஸ் அதை டிஎஸ்சி கோப்பில் (சோர்ஸ் பேக்கேஜின் விவரக் கோப்பு) எழுதுகிறது.

'நேரடியாக' என்ற சொல்லில்தான் சிக்கல். சிறுபடம் உருவாக்கும் உங்கள் கருவி பைதான்3-பில் என்ற பட நூலகப் பேக்கேஜைச் சார்ந்திருக்கிறது, பில் லிப்ஜேபெக்62-டர்போ என்ற ஜேபெக் நூலகத்தைச் சார்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஜேபெக் நூலகம் மாறினால் பில்லின் சோதனை ஓடும், உங்களுடையது ஓடாது. படம் கெட்டுப்போவது உங்கள் கருவியில் மட்டும் என்றால் யாருக்கும் தெரியவராது.

இதைச் சரிசெய்யப் பலர் ஜேபெக் நூலகத்தைத் தங்கள் சோதனையின் டிபென்ட்ஸ் வரியிலேயே சேர்த்துவிடுகிறார்கள். தூண்டுதல் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பேக்கேஜ் சோதனை இயந்திரத்தில் நிறுவப்பட்டும்விடும். உங்கள் பேக்கேஜ் சொல்ல மறந்த ஒரு சார்பு இருந்தால், அது இப்படி மறைந்துபோய்ச் சோதனை பச்சையாகக் காட்டும். நிறுவும் பயனருக்குத்தான் உடையும். சரியான வழி, கன்ட்ரோல் கோப்பில் ஒரு தனிப் பத்தி (கோப்பில் இவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்):

டெஸ்ட்-கமாண்ட்: /பின்/ட்ரூ
டிபென்ட்ஸ்: லிப்ஜேபெக்62-டர்போ
ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்: ஹின்ட்-டெஸ்ட்சூட்-ட்ரிகர்ஸ்

இந்தப் பத்தி ஓடுவதற்காக எழுதப்படுவதல்ல. பெயர் மட்டும் தூண்டுதல் பட்டியலில் சேரும். மறைமுகச் சார்பு எல்லாவற்றையும் இதில் கொட்டாதீர்கள். மாறினால் உங்கள் வெளியீடு மாறக்கூடியவை மட்டும் போதும். மற்றவை பொதுச் சோதனை இயந்திரங்களின் நேரத்தை வீணடிக்கும்.

பயிற்சியாக, பத்தியைச் சேர்த்து சோர்ஸ் பேக்கேஜை மட்டும் கட்டி, டிஎஸ்சி கோப்பைத் திறந்து பாருங்கள். அந்தப் பெயர் அங்கே இல்லையென்றால் ஆவணக்கிடங்குக்கும் தெரியாது. புதிதாக அப்லோட் செய்தால்தான் மாற்றம் செல்லுபடியாகும். கிட் களஞ்சியத்தில் திருத்தியது மட்டும் போதாது.

தோல்வி வந்தால் வீட்டிலேயே மறுபடி உண்டாக்கிப் பாருங்கள். டெஸ்டிங் சூழலை எடுத்து, ஆட்டோபிகேஜிடெஸ்டின் 'பின்-பேக்கேஜஸ்' விருப்பத்தால் தூண்டிய சோர்ஸை மட்டும் அன்ஸ்டேபிளிலிருந்து இழுங்கள். முழு அன்ஸ்டேபிளில் ஓட்டினால் எந்த மாற்றம் உடைத்தது என்று சொல்ல முடியாது. பிறகு அதே சோதனையை வெறும் டெஸ்டிங்கில் ஓட்டுங்கள். அங்கும் தோற்றால் புதிய பதிப்பின்மேல் குற்றமில்லை.

ஆட்டோபிகேஜிடெஸ்ட் தரும் முடிவுக் குறியீட்டையும் பாருங்கள்: 4 என்றால் சோதனை தோற்றது, 2 என்றால் ஏதோ ஒன்று தவிர்க்கப்பட்டது, 16 என்றால் சோதனைச் சூழலே பழுது. 16-ஐப் பார்த்துவிட்டு மேல்நிலை உருவாக்குநருக்கு (மென்பொருளை முதலில் எழுதியவருக்கு) பிழை அறிக்கை அனுப்பாதீர்கள். முதலில் இன்னொரு முறை ஓட்டுங்கள்.