மணி விழுங்கி மரத்தடியில்

திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்த பிறகுதான் சாப்பாடு என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். பசி தாங்காத உடம்பு எனக்கு. ஆயினும் மறுத்துப் பேசவில்லை, ஏனெனில் அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் ஒரு மணியின் கதை இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட வீரபாண்டியக் கட்டபொம்மன், செந்திலாண்டவனுக்கு உச்சிக்காலப் பூசை நிறைவேறியது தெரிந்த பின்னரே உணவுக்கு அமர்வார் என்றும், அதற்காகவே வழிநெடுக மணி மண்டபங்களைக் கட்டி, கோயில் மணியைக் கேட்டு முதல் மண்டபத்து மணியும், அதைக் கேட்டு அடுத்த மண்டபத்து மணியுமாக ஒலியைக் கைமாற்றிக் கைமாற்றித் தம் அரண்மனைவரை கொண்டுவரச் செய்தார் என்றும் தென்பாண்டிச் சீமையில் வழிவழியாகச் சொல்வார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடையில் ஒரு மண்டபத்துக் காவலாளி கண்ணயர்ந்திருந்தால் அரசரின் அன்றைய சாப்பாடு என்னவாகியிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன், அவர் சிரிக்கவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், அந்த மணிகளுக்குக் காத்திருந்த செவி இல்லாமல் போயிற்று.

மேற்கே பார்த்து நிற்கும் ஒன்பது நிலை ராஜகோபுரத்தில் இப்போது தொங்கும் பெரிய மணி அக்காலத்தது என்கிறார்கள். பூசை வேளையில் அதன் ஓசையைப் பிராகாரத்தில் நின்றபடி கேட்டேன். அடித்த கணத்தில் எழுவது உலோகத்தின் கூர்மையான சத்தம். அது சட்டென்று அடங்கிவிட, அதன் அடியிலிருந்து தாழ்ந்த ரீங்காரம் ஒன்று மெல்லப் பிரிந்து வந்து, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நெடுநேரம் நீண்டது. மணியின் உச்ச சுரங்கள் விரைவில் தேய்ந்துவிடுவதும், அடிச்சுரம் மட்டும் தங்குவதும் வார்ப்பின் இயல்பு. அந்தத் தங்கலைத்தான் நம்மவர்கள் ஓங்காரம் என்று வணங்கினார்கள். பல கோயில்களில் மணியும் முரசும் சேர்ந்த மின்சார இயந்திரம் ஒன்றை வைத்துத் தீபாராதனை நேரத்தில் விசையைத் தட்டிவிடுகிறார்கள். ஓர் அடியின் ரீங்காரம் முடியுமுன் பத்து அடிகள் விழுந்துவிடுவதால், அதில் தங்கல் என்பதே இல்லை. கயிற்றைப் பிடிக்க ஆள் கிடைக்காத சங்கடம் புரிகிறது. ஆனாலும் அந்த இரைச்சலில் என்னால் கண்ணை மூடி நிற்க முடிந்ததே இல்லை.

நாங்கள் உண்மையில் புறப்பட்டது திருச்செந்தூருக்காக அல்ல, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாருக்காக. இருபது ஆண்டுகளுக்கு முன், எனக்கு உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது, அப்பா அங்கே ஒரு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு, நான் எழுந்து நடந்ததும் கட்டிவிட்டு வந்தார். அப்பா இப்போது இல்லை. அந்த மணியை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிவர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

புதிய மணியைத் திருநெல்வேலியில் வாங்கினோம். கடைக்காரர் இரண்டு மணிகளை எடுத்து வைத்து, விரல் நகத்தால் சுண்டிக் காட்டினார். பித்தளை மணி கிணுகிணுத்துவிட்டு ஓய்ந்தது. வெண்கல மணி விட்ட பிறகும் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. செம்பு ஏறத்தாழ நான்கு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்குமாகச் சேர்ந்ததே மணி வார்ப்பதற்கான வெண்கலம். வெள்ளீயம் குறைந்தால் நாதம் மங்கும், கூடினால் மணி கண்ணாடிபோல் நொறுங்கும். கீறல் விழுந்த மணியை ஒட்டவைத்துப் பழைய நாதத்தை மீட்பது எளிதல்ல என்பதால், பெரும்பாலும் உருக்கித் திரும்ப வார்க்கிறார்கள். விலை பேசி முடித்ததும், பேருந்தில் சத்தம் போடாமலிருக்கச் செய்தித்தாளைக் கிழித்து உருட்டி, மணியின் நாக்கைச் சுற்றி அடைத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

நாக்கு என்றே அவர் சொன்னார். மணிக்குள் ஆடும் அந்தத் தண்டுக்கு வேறு பெயர் நமக்குத் தேவைப்பட்டதில்லை. முல்லைப்பாட்டு மணியை ‘நெடுநா ஒண்மணி’ என்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் காட்டு வழியே தேரில் வீடு திரும்புகிறான். பூக்களில் தாதுண்ணும் வண்டுகள் மணியோசையால் கலங்கிவிடக் கூடாது என்று அஞ்சி, தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். செய்தித்தாள் அடைத்த மணியை மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பாபநாசத்துக்குப் பேருந்தில் சென்றபோது, பக்கத்து இருக்கையில் தூங்கிய குழந்தையைப் பார்த்து அந்தத் தலைவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பாபநாசத்துக்கு மேலே வனத்துறைச் சோதனைச் சாவடி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது கோயில். பைகளைத் திறந்து காட்டி, மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்று ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே விடுகிறார்கள். சிறிது தூரத்தில் கைப்பேசியில் தொடர்பு அறுந்தது. “மணி என்ன?” என்று அம்மா கேட்டார். கேட்ட பிறகுதான் எனக்கு அந்தச் சொல் உறைத்தது: பொழுதையே நாம் மணி என்றுதான் கேட்கிறோம். நெல்லும் மணி, மாலையில் கோத்ததும் மணி, கண்ணின் பாவையும் மணி. மனுநீதிச் சோழனைப் பற்றிப் பாண்டியன் அவையில் கண்ணகி சொல்லும் இடத்தில் இளங்கோவடிகள், அரண்மனை வாயிலின் கடைமணி நடுங்கியதையும், கன்றை இழந்த பசுவின் கண்ணாகிய கடைமணி நீர் உகுத்ததையும் ஒரே சொல்லில் பிணைத்துவிடுகிறார். வாயில்லாத ஒரு சீவன், நாக்குள்ள ஒரு பொருளைத் தேடிப்போய் அசைத்த கதை அது.

தாமிரபரணிக் கரையில் பூரணை, புஷ்கலையோடு அய்யனார் அமர்ந்திருக்கிறார். ஆடி அமாவாசைக்கு இங்கே கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது சாதாரண வார நாள் என்பதால் ஆற்றின் சத்தம்தான் கூட்டமாக இருந்தது. நாட்டார் தெய்வமான பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் காணிக்கையாகக் கட்டிய தோல் செருப்புகள் தொங்கின. இரவில் அவர் அணிந்து நடப்பதால் அவை தேய்ந்துபோகும் என்பது நம்பிக்கை. பூசாரி தீபம் காட்டும்போது இடது கையில் கைமணியை ஆட்டினார். தேவர்கள் வரவும், தீயவை விலகவும் இந்த ஒலியை எழுப்புகிறேன் என்பது கைமணியை எடுக்கும்போது சொல்லும் சுலோகத்தின் பொருள். அம்மாவுக்குச் சுலோகம் எதுவும் தெரியாது. மணி கேட்டதும் கை தானாகத் தலைக்கு மேல் போகும், அவ்வளவுதான்.

பிறகு இலுப்பை மரத்தடிக்கு வந்தோம். மணி விழுங்கி மரம் என்பது இதற்கு ஊரார் வைத்த பெயர். வேண்டுதலுக்காகக் கட்டிய மணிகள் மரத்தோடு மரமாக உள்ளே போய்விடுகின்றன. ஆண்டுதோறும் பட்டைக்கு அடியில் புது மரம் சேர்ந்து அடிமரம் பருக்கும்போது, தடையாக இருப்பதைத் தள்ள முடியாமல் சுற்றி வளைத்து மூடிக்கொள்வது மரங்களின் வழக்கம். என் தோளுயரத்தில் ஒரு மணி பாதி விழுங்கப்பட்டிருந்தது. பட்டை இரண்டு தடித்த உதடுகளைப் போலப் பிதுங்கி அதன் கொண்டையைக் கவ்வியிருக்க, விளிம்பின் ஒரு பிறை மட்டும் பச்சைக் களிம்பு ஏறி வெளியே தெரிந்தது. விரலால் தட்டினேன். ‘டொக்’ என்றது, மரத்தைத் தட்டினால் வரும் சத்தம்தான்.

அப்பாவின் மணியைத் தேடி மரத்தை மூன்று முறை சுற்றினேன். எந்தப் பக்கம் கட்டினார் என்பது அம்மாவுக்கும் நினைவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தேடாதிய தம்பி. மரம் முழுங்கிட்டுன்னா சாமி வாங்கிட்டாருன்னு அர்த்தம்” என்றார்.

விழுங்கப்பட்ட மணி என்றதும் எனக்கு வேதாந்த தேசிகர் நினைவுக்கு வந்தார். திருமலையில் பெருமாளின் திருமணியைத் தாம் விழுங்குவதாக அவருடைய தாயார் தோதாரம்மை கனவு கண்டார் என்றும், அதன் பின்னர் 1268இல் தூப்புலில் பிறந்த தேசிகர் அந்த மணியின் அவதாரமே என்றும் வைணவர்கள் போற்றுகிறார்கள். மணி மகனாகப் பிறந்துவிட்டதால் திருமலைக் கருவறையில் கைமணி அடிப்பதில்லை. வெளியே திருமாமணி மண்டபத்துப் பெரிய மணிகளே ஒலிக்கின்றன. கடல் கடந்த இன்னொரு மணியும் உண்டு. 1836 வாக்கில் நியூசிலாந்தின் வாங்கரே பகுதியில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக ஒரு வெண்கல மணியைப் பயன்படுத்துவதை வில்லியம் கோலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி கண்டார். அதில் தமிழ் எழுத்துகள்: முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி. புயலில் சாய்ந்த பெரிய மரம் ஒன்றின் வேர்களுக்கிடையே அது கிடைத்ததாக அம்மக்கள் சொன்னார்கள். எந்தக் கரையிலிருந்து எப்படி அங்கே போயிற்று என்பது இன்றுவரை துலங்கவில்லை. மணி மட்டும் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமையல் பாத்திரமாக இருந்த காலத்தில் அதற்கு நாக்கு இருந்திருக்க வழியில்லை.

தேடுவதை விட்டுவிட்டுப் புதிய மணியைக் கட்டினோம். அம்மா கம்பியை முறுக்கிவிட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். பிறகு ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கும் ஒரு நொடி வயிற்றைப் பிசைந்தது. அதற்குப் பிறகே கடைக்காரர் அடைத்த செய்தித்தாள் நினைவுக்கு வந்தது. அம்மா நுனிவிரலில் நின்று, மணியின் வாய்க்குள் விரலை விட்டு, துண்டு துண்டாகக் காகிதத்தைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார், காட்டில் குப்பை போடக் கூடாது என்று. கடைசித் துண்டு வெளியே வந்த வேகத்தில் மணி தானாக ஆடி ஒலித்தது.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பத்தடி போவதற்குள் ஆற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆனாலும் அம்மா பாலம் தாண்டும்வரை திரும்பித் திரும்பிக் காது கொடுத்தபடியே நடந்தார்.