சாவி யாரிடம் இருக்க வேண்டும்? மத நல்லிணக்க நாட்குறிப்பு

பிப்ரவரி 1

ஐ.நா.வின் உலக மத நல்லிணக்க வாரம் இன்று தொடங்குகிறது. 2010 அக்டோபரில் பொதுச்சபை ஏற்ற தீர்மானம் இது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2007 அக்டோபர் 13 அன்று, 138 இஸ்லாமிய அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதியிருந்தார்கள். இறைவனை நேசி, அயலானை நேசி என்ற இரண்டும் நம் இருவருக்கும் பொது என்பதுதான் அதன் சாரம்.

இந்த வாரம் மேடைகளில் மேற்கோள்கள் நிறையக் கேட்கும். எல்லாம் உண்மையானவைதான். உன்னை நேசிப்பதுபோல் அயலானையும் நேசி என்கிறது விவிலியத்தின் லேவியராகமம் (19:18). தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் முழு நம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்பது நபிமொழி. பகையால் பகை தணியாது என்கிறது பௌத்த நூலான தம்மபதம். தனக்குத் துன்பம் என்று உணர்ந்ததைப் பிறருக்குச் செய்யாதே என்பது குறள் 316.

ஆனால் போருக்குப் போனவர்களும் இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களே. செய்தி பொது என்று நிறுவுவது எளிது. எந்த ஏற்பாட்டில் அது நிலைத்தது, எதில் உடைந்தது என்று பார்ப்பதுதான் கடினம். அடுத்த சில நாட்களின் குறிப்புகள் அதைப் பற்றியவை.

பிப்ரவரி 2

ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் (1618–1648). கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டன்டுகள் மறுபக்கம் என்றே பலரும் படித்திருப்போம். 1631இல் பேர்வால்டே ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியூ ஒரு கர்தினால், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் மதகுரு. ஜெர்மானியப் பகுதிகளின் கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்துப் போரிட, லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) ஸ்வீடனுக்கு ஆண்டுதோறும் பணம் தர ஒப்புக்கொண்டவர் அவர்தான். எந்த மதப்போரைப் படித்தாலும் செலவு யாருடையது, நிலம் யாருக்குப் போகிறது, எந்தப் பதவி பறிபோகும் என்று யார் அஞ்சுகிறார் என்ற கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.

அதற்காக "இதில் மதமே இல்லை, எல்லாம் அரசியல்" என்று முடித்துவிடவும் கூடாது. சண்டையிட்டவர்களில் பலர் மனதார நம்பினார்கள். மதகுருமார்களை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய ஒப்பந்தத்தை அந்த மனிதர்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

பிப்ரவரி 3

அந்தப் போரை முடித்த 1648ஆம் ஆண்டு உடன்படிக்கையில் என்னை மிகவும் கவர்வது ஒரு தேதி: 1624 ஜனவரி 1. தேவாலயங்களும் சொத்துகளும் அன்று யார் கையில் இருந்தனவோ அவர்களுக்கே என்பது பொது விதி. யாருடைய இறையியல் சரி என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. அன்று சாவி யாரிடம் இருந்தது என்பதை ஆவணம் பார்த்துச் சொல்லிவிடலாம். தீர்க்க முடியாத கேள்வியை ஒதுக்கிவிட்டு, தீர்க்கக்கூடிய கேள்வியை அந்த இடத்தில் வைத்தார்கள்.

இரு தரப்பினரும் கலந்து வாழ்ந்த ஜெர்மன் நகரமான ஆக்ஸ்பர்க்கில் பதவிகளைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். பிரிக்க முடியாததைச் சுழற்சியில் விட்டார்கள். ஓஸ்னாபுரூக்கில் ஒருமுறை கத்தோலிக்க ஆயர், அடுத்த முறை புராட்டஸ்டன்ட் ஆயர் என்று மாறிமாறி வந்தது. ஜெர்மனியின் பௌட்சன் நகரிலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை இரு சபைகளும் ஒரே கூரையின்கீழ் வழிபடுகின்றன. நடுவில் ஒரு தடுப்பு, இருபுறமும் தனித்தனிப் பீடம். ஆளைவிட உயரமாக இருந்த அந்தத் தடுப்பு இப்போது இடுப்பளவுதான். சுவரை ஒரேயடியாக இடிக்கச் சொல்லியிருந்தால் முதல் தலைமுறையிலேயே சண்டை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சரிபாதி முறைக்கும் ஒரு நோய் உண்டு. எழுதிய நாளின் கணக்கு அப்படியே உறைந்துவிடும். லெபனானில் 1943இன் எழுதப்படாத ஒப்பந்தப்படி அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா. உறுப்பினர் இடங்கள் கிறிஸ்தவருக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்ற விகிதம். அடிப்படை 1932 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன்பின் அங்கே கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1975இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கு இதுவும் ஒரு காரணம். விகிதத்தைச் சமமாக்கியது 1989இன் தாயிஃப் உடன்பாடு. பங்கீட்டை எழுதும்போதே மறுபரிசீலனைத் தேதியையும் எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 4

எருசலேம், இயேசுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் திருக்கல்லறைத் தேவாலயம். ஆறு கிறிஸ்தவச் சபைகள் பகிர்ந்துகொள்ளும் இடம். சாவியை வைத்திருப்பதும் கதவைத் திறப்பதும் ஜூதே, நுசைபே என்ற இரண்டு முஸ்லிம் குடும்பங்கள். யாருக்கும் வெற்றி தோல்வி இல்லாதபடி மூன்றாமவர் கையில் சாவி.

குறை பராமரிப்பில் இருக்கிறது. ஒரு சபை தானாகப் பழுது பார்த்தால் அந்த இடத்துக்கு உரிமை கோருவதாக மற்றவை எடுத்துக்கொள்ளும். கல்லறை மாடம் சரியாமல் இருக்க 1947இல் பிரிட்டிஷ் நிர்வாகம் இரும்புச் சட்டம் அடித்தது. மூன்று பெரிய சபைகளும் ஒத்துக்கொண்டு வேலை தொடங்கியது 2016இல். எழுபது ஆண்டுகள் முட்டுக்கொடுத்தே நின்றிருக்கிறது! பொது இடம் எதுவானாலும் பழுதுபார்ப்புக்குத் தனி விதி வேண்டும்: செலவைப் பகிர்வது எப்படி, அவசர வேலைக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும், வேலை செய்தவருக்கு அதனால் புதிய உரிமை எதுவும் வராது.

பிப்ரவரி 6

மகாராஷ்டிராவின் பிவண்டி. 1984இல் பெரிய இந்து–முஸ்லிம் கலவரம் கண்ட ஊர். 1992–93இல் பக்கத்து மும்பை எரிந்தபோது அமைதியாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் காவல் அதிகாரி சுரேஷ் கோபடே பகுதிதோறும் மொஹல்லா (குடியிருப்பு) குழுக்களை அமைத்திருந்தார். இரு மதத்தவரும் உள்ளூர்க் காவலர்களும் கலவரம் இல்லாத நாட்களிலேயே கூடிப் பேசினார்கள். நெருக்கடி வந்தபோது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. கலவரம் முடிந்தபின் அமைக்கும் அமைதிக் குழுவுக்கு இந்தப் பலம் கிடையாது.

வதந்திக்கு இப்படிச் செய்யலாம். யார் பார்த்தது, எங்கே, எத்தனை மணிக்கு, படம் எடுத்தது யார் என்று எழுதி வாங்குங்கள். "கேள்விப்பட்டேன்" என்பவரிடம், யாரிடமிருந்து என்று கேட்டு ஒருபடி மேலே போங்கள். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து அந்த இடத்துக்குப் போக வேண்டும். பிறகு ஒரே வாசகம், ஒரே நேரத்தில், இரு வழிபாட்டு இடங்களிலிருந்தும் வெளிவர வேண்டும். ஒரு தரப்பு மட்டும் மறுத்தால் மறுதரப்பு நம்பாது. மறுப்பில் உண்மையை முதலில் சொல்லுங்கள். வதந்தியை முதலில் சொன்னால் பாதி கேட்டுவிட்டுப் போகிறவர் வதந்தியோடுதான் போவார்.

பிப்ரவரி 7

நைஜீரியாவின் கடுனாவில் இமாம் முகம்மது அஷாஃபாவும் போதகர் ஜேம்ஸ் வூயேயும் எதிரெதிர் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். 1992 மோதலில் வூயே வலது கையை இழந்தார். அஷாஃபா தன் ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார். 1995 முதல் சேர்ந்து வேலை செய்தார்கள். இருவரும் தங்கள் மதத்தை நீர்த்துப்போகச் செய்யவில்லை. அவரவர் மக்களிடம் அவரவர் வேதத்தைக் கொண்டே பேசினார்கள். "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று தொடங்கும் கூட்டத்திலிருந்து பக்தியுள்ளவர்தான் முதலில் எழுந்து போவார். கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவரும் அவரே.

கூட்டம் நடத்துபவர்களுக்கு: முதலில் தரப்புகளைத் தனித்தனியே சந்தித்து, மனக்கசப்பை அங்கேயே கொட்ட விடுங்கள். பொதுக் கூட்டத்தில் இரு பக்கமும் சம எண்ணிக்கை. வெள்ளி நண்பகல், சனி, ஞாயிறு காலை, நோன்பு நாட்கள் வேண்டாம். வேத விளக்கத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, தண்ணீர், கல்லறைச் சுவர், ஊர்வலப் பாதை என்று கையில் எடுக்கக்கூடிய வேலையில் தொடங்குங்கள். லுத்தரன் ஆயர் கிரிஸ்டர் ஸ்டெண்டால் 1985இல் சொன்ன விதி இங்கே உதவும்: உங்களிடம் உள்ள சிறந்ததை அவர்களிடம் உள்ள மோசமானதோடு ஒப்பிடாதீர்கள்.

பிப்ரவரி 9

வட அயர்லாந்து, 2005 செப்டம்பர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்ததைப் பார்த்த சாட்சிகளில் இருவர் மதகுருமார்: கத்தோலிக்கர் அலெக் ரீட், புராட்டஸ்டன்ட் பிரிவான மெதடிஸ்ட் சபையின் ஹரால்ட் குட். தன் சபையைச் சேர்ந்த ஒருவர் கண்ணால் பார்த்தார் என்றால் ஒவ்வொரு சமூகமும் நம்பும் என்பது கணக்கு. புகைப்படம் வெளியிட ஐ.ஆர்.ஏ. சம்மதிக்கவில்லை. அதனால் முழு பாரமும் அந்த இருவரின் வார்த்தைமேல் விழுந்தது. புராட்டஸ்டன்ட் தரப்புத் தலைவர் இயன் பெய்ஸ்லியின் கட்சி உடனே கேள்வி எழுப்பியது: இந்தச் சாட்சிகளைத் தேர்ந்தெடுத்தது யார்? நியாயமான கேள்விதான். ஆயுதத்தை ஒப்படைப்பவர் தரும் பட்டியலிலிருந்து, நம்ப வேண்டியவர் சாட்சியைத் தேர்ந்தெடுக்கட்டும். இதை உடன்பாட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.